நடந்ததா, நடக்கவில்லையா

வேலையில் நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"வணக்கம், சாந்தம் உதவி மையத்துலேருந்து பேசறேன். இப்போ உங்க வீட்டுக்குச் சிவப்பு வந்திருக்கு. நடந்ததா, நடக்கலையா?"

நடந்தது என்றால் ஒரு பொத்தான். நடக்கவில்லை என்றால் இன்னொரு பொத்தான். நடுவில் எதுவும் கிடையாது. மறுமுனையில் யாரோ ஒரு அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே "நடந்துச்சும்மா" என்பாள். பின்னால் ஏதோ உருண்டு விழும். "கவனமா இருங்க" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். ஆறுதல் சொல்லப் போனால் அழைப்பு நீளும். நீண்டால் எங்கள் மேற்பார்வையாளன் ஆதர்ஷ் பக்கத்தில் வந்து நின்று, வாயைத் திறக்காமல், தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான்.

நான் புள்ளியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த போட்டோவை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். அந்தப் படிப்புக்கு இந்த ஊர் கொடுத்தது இரண்டு பொத்தான்.

சாந்தம் என்பது மேல்கையில் கட்டுகிற ஒரு பட்டை. ஆட்டிசம் உள்ளவர்களில், கை நீட்டுகிறவர்கள் என்று பெயர் வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கட்டிவிடுகிறார்கள். நாடித் துடிப்பு, வியர்வை, தசை முறுக்கேறுவது எல்லாவற்றையும் அது படிக்கும். அடி விழுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே வீட்டுக்காரர்களின் போன் சிவப்பாகி அலறும். எங்கள் குடியிருப்பில் அதற்குப் பெயர் தாயத்து. எதிர்வீட்டு டெய்சி அக்காதான் அந்தப் பெயரை வைத்தது. "மந்திரிச்ச தாயத்து பேய் வந்தப்பறம் வேலை செய்யும். இது பேய் கெளம்பறதுக்கு முன்னாடியே கூவுதுடி."

பேய் என்று டெய்சி அக்கா சொன்னது என் தம்பி வேந்தனை. இருபத்திரண்டு வயது. எண்பது கிலோ. பேசுவது மூன்று வார்த்தை: தண்ணி, போ, லாரி. மேடையில் மைக் பிடிக்கிறவர்கள் இவனைப் போன்றவர்களைக் கடவுளின் குழந்தை என்பார்கள். அவர்களிடம் என் பாதி உடைந்த முன்பல்லைக் காட்ட வேண்டும்போல இருக்கும். அது வேந்தனின் நெற்றி பட்டு உடைந்தது. அம்மாவின் முன்கையில் கடித்த தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அப்பா, வேந்தனுக்கு ஏழு வயதானபோது வேலை தேடி ஓசூருக்குப் போனார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

சிவப்பு வந்தால் அம்மாவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஜன்னல்களைச் சாத்துவாள். பிறகு டிவியை உச்சத்தில் வைப்பாள். அரிவாள்மணையையும் குழவியையும் பரண்மேல் தள்ளுவாள். கடைசியில் பாத்ரூம் கதவில் முதுகை வைத்து நின்றுகொள்வாள், தேவைப்பட்டால் உள்ளே போய்த் தாழ் போட வசதியாக. ஜன்னலையும் டிவியையும் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. முன்பொரு முறை வேந்தன் அலறியபோது நடைவழியில் ஒரு கூட்டம் கூடி, ஜன்னல் கம்பி வழியாக வீடியோ எடுத்துப் பரப்பியது. அம்மா தலைவிரிகோலமாக அவன் கையிலிருந்து முடியை விடுவிக்கிற வீடியோ. மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி "நீங்கதான அது?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து ஜன்னல்.

இப்போது அடுத்த கட்டம் வந்திருந்தது. சிவப்பு வந்து, அதில் பாதிக்கு மேல் "நடந்தது" என்று பதிவான வீடுகளுக்குப் பட்டையோடு ஒரு மருந்துக் குப்பியும் பொருத்துவார்கள். சிவப்பு வருகிறபோதே மருந்து தானாக உள்ளே இறங்கிவிடும். இரண்டு வாரம் கழித்து வருகிற செவ்வாய்க்கிழமை வேந்தனுக்குப் பரிசீலனை. அவன் கணக்கு பாதியை எப்போதோ தாண்டியிருந்தது.

குப்பி வைத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். ஜோயல். நான் அவன் வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் பின்னணியில் டிவி விளம்பரப் பாட்டுகளை வரிசையாகப் பாடிக்கொண்டிருப்பான். குப்பி வைத்த பிறகு ஒருநாள் அவன் அம்மாவிடம் கேட்டேன்: நடந்ததா, நடக்கலையா? "நடக்கலம்மா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எதுவுமே நடக்கல" என்றார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

"வெக்கட்டும்" என்றாள் அம்மா.

"என்னம்மா வெக்கட்டும்? அவன் பொணம் மாதிரி உக்காந்திருப்பான்."

"உக்காரட்டும். நீ காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுக் கெளம்பிடுவ. ஒம்பது மணிலேருந்து இருட்டற வரைக்கும் இந்த ரூம்ல நானும் அவனும். எனக்கு வயசு ஏறுது, அவனுக்கு பலம் ஏறுது. நான் செத்தா அவன நீ பாப்பியா?"

"பாப்பேன்."

"ஒருநாள் லீவு போட்டுப் பாரு, அப்பறம் சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் என் போன் சிவப்பானது. எங்கள் வீட்டு அழைப்பை நான் செய்யக் கூடாது, அது விதி. பக்கத்து மேசை ஃபர்சானாதான் செய்வாள். அவள் மறுபடி மறுபடி முயன்றுவிட்டு, "மேகலா, உங்க அம்மா போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருதுடி" என்றாள்.

அம்மாவின் போன் ஒருநாளும் அணைந்திருக்காது. ஆட்டோவில் உட்கார்ந்து வீடு போய்ச் சேரும் வரை நான் பார்த்த காட்சிகளை எழுத விருப்பமில்லை. படியேறி, மூச்சில்லாமல் கதவைத் தள்ளினேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல்கள் திறந்து கிடந்தன. வேந்தன் ஜன்னல் கம்பியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் குதித்துக்கொண்டிருந்தான். கீழே தண்ணி லாரி நின்றுகொண்டிருந்தது. "லாரி! லாரி!"

"நடந்ததா?" என்றேன்.

"எது?" என்றாள் அம்மா. "ஏண்டி இப்டி ஓடியாற? போன் மாவு வாளில விழுந்துடுச்சு. அரிசி டப்பால பொதைச்சு வெச்சிருக்கேன், காஞ்சிடும்ல?"

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சிவப்பு வந்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரியாததால் ஜன்னலைச் சாத்தவில்லை. லாரி வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

லாரி எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். தெருமுனையில் திரும்புகிற சத்தமே அவனுக்குப் போதும். அதற்கு முன்பே நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிடும், கை வியர்க்கும், தசை முறுக்கேறும். அடிக்கப் போகிறவனுக்கும் அதேதான் ஆகும். லாரிக்குக் காத்திருக்கிறவனுக்கும் கையை ஓங்குகிறவனுக்கும் பட்டையில் ஒரே எண்தான். அந்த நேரம் பார்த்து நாங்கள் என்ன செய்கிறோம்? அவன் ஜன்னலை அவன் முகத்துக்கு நேரே சாத்துகிறோம். லாரிச் சத்தம் கேட்காதபடி டிவியை அலறவிடுகிறோம். காற்றில்லாத அறையில், அம்மா பயந்த கண்ணோடு கதவில் ஒட்டி நின்று அவனையே பார்க்கிறாள். நானாக இருந்தாலும் அடிப்பேன்.

பட்டை ஜோசியம் சொல்கிறது. நாங்கள் அதைப் பலிக்க வைக்கிறோம்.

மறுநாளிலிருந்து என் அழைப்புகளில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். "சிவப்பு வந்ததும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"வெளியே வந்து ரூமைப் பூட்டிடுவோம்."

"அவங்கப்பா பின்னாலேருந்து ரெண்டு கையையும் புடிச்சுக்குவார்."

"லைட்டை அணைச்சிடுவோங்க. இருட்டுல சும்மா இருப்பான்னு யாரோ சொன்னாங்க. இருக்க மாட்டான்தான், ஆனா வேற என்ன செய்ய?"

"சின்னவளைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடிடுவேன். அவன் எங்களைத் தேடிக்கிட்டு கதவ ஒடைப்பான்."

ஒரே ஒரு வீட்டில் மட்டும் எப்போதும் இரண்டாவது பொத்தான். அப்பாவும் மகளும் மட்டும் இருக்கிற வீடு. போனை எடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். "அவருக்குக் காது சுத்தமா கேக்காதுங்க. போன் பாட்டுக்குக் கத்தும், அவர் பாட்டுக்குப் பேப்பர் படிப்பார். அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் குதிச்சுட்டு வந்து அவர் பக்கத்துல உக்காந்துக்கும்."

நான் ஆதர்ஷிடம் போனேன். என்னைவிட இரண்டு வயது பெரியவன். எங்கோ வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். நான் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டான். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"இது எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சியா, மேகலா? முதல் வருஷச் சோதனையிலேயே பார்த்துட்டோம்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டு என்ன செய்யறது? சிவப்பு வந்தா சும்மா உக்காருங்கன்னு ஒரு அம்மாகிட்ட நீ சொல்லுவியா? நூறுல ஒருத்தன் நிஜமாவே அடிச்சு, ஒரு கண்ணு போச்சுன்னா? அந்தக் கண்ணுக்கு யார் பொறுப்பு? எச்சரிச்சோம்னு சொல்லிட்டா நாங்க தப்பிச்சோம். எச்சரிக்கலன்னா மாட்டினோம்."

"எச்சரிச்சதாலதான் சார் அடியே விழுது."

"அதை எந்த கோர்ட்டுல நிரூபிப்ப?"

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாற்காலியை உதைத்துவிட்டு வந்திருக்கலாம்.

"பொறுப்பு எங்களுக்கு வேணாம்" என்றான் அவனே. "உன் வீட்டுல நீ செஞ்சு பாரு. பரிசீலனைக்குள்ள சிவப்பு வந்தும் நடக்கலன்னு பதிவானா, குப்பி வேணாம்னு டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

அம்மாவைச் சம்மதிக்க வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"சும்மா உக்காரணுமா?"

"ஆமா."

"ஜன்னலைத் தொறந்து போட்டுட்டு?"

"ஆமாம்மா."

"ஊரு பாக்கும்."

"பாக்கட்டும்."

"நீ படிச்சவ, பாக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிடுவ. மீன்காரிகிட்ட நிக்கறது நீயா நானா?" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்த பிறகு, "நீ இருக்கற அன்னிக்கு மொதல்ல செய்வோம். அடி விழுந்தா உனக்கும் விழட்டும்" என்றாள்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. சாயங்காலம் இரண்டு போன்களும் ஒன்றாக அலறின. அம்மாவின் உடம்பு தானாக எழுந்து ஜன்னலுக்குப் போனது. நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் முறத்தை எடுத்து மடியில் வைத்து, அதில் ஒன்றும் இல்லாமலே புடைக்க ஆரம்பித்தாள்.

வேந்தன் நடந்தான். ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. தொடையில் ஓங்கி அறைந்துகொண்டான். பிறகு அலறினான். பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளினான், அது என் முழங்காலில் வந்து மோதியது. நடைவழியில் செருப்புச் சத்தங்கள் வந்து நின்றன. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வேந்தன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் யாரும் எழுந்திருக்காதது அவனுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தான். முனகிக்கொண்டே இருந்தான். கடைசியில் லாரி வந்தது.

டெய்சி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. "இன்னாடி அஞ்சல, ஜன்னல தொறந்துபோட்டுக்கினு இன்னா நடக்குது இங்க?"

"பொண்ணு தொறந்து வெக்கச் சொன்னா" என்றாள் அம்மா, குற்றம் பிடிபட்டவள் போல. "கத்தறான். எல்லாருக்கும் தொந்தரவு."

"கத்தட்டுமே. எங்கூட்டுக்காரன் டெய்லி குடிச்சிட்டு கத்துறான், ஏனத்த தூக்கி வீசறான். அவனுக்கு எவனாச்சும் தாயத்து கட்னானா?" அக்கா வெளியே தலையை நீட்டி, நின்றவர்களிடம், "இன்னா பாக்கற? உள்ள சினிமாவா ஓடுது? லாரி வந்துருச்சு, கொடத்த எடுத்துக்கினு போ!" என்றது.

அம்மா சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வந்தது. முறத்தைப் பிடித்திருந்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

ஃபர்சானா அழைத்தாள். "நடந்ததா, நடக்கலையா?"

"நடக்கல" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும் முனையில் நான் இருந்தது அதுதான் முதல் முறை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சிவப்பு வந்தபடியே இருந்தது. காலையில் வந்தது, மத்தியானம் வந்தது, வழக்கத்தைவிட அதிகமாகவே வந்தது. ஒவ்வொரு முறையும் ஃபர்சானா அழைப்பாள், கேட்பாள், பிறகு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவாள். நடக்கல. நடக்கல. மறுபடியும் நடக்கல. ஆதர்ஷ்கூட ஒருமுறை திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "உங்கம்மா பெரிய ஆள்தான்" என்றான். எனக்கு ஒரே பெருமை. லாரி வராத நேரத்தில் எதற்கு இத்தனை சிவப்பு என்று கேட்கத் தோன்றவில்லை. ஜெயிக்கிற கணக்கை யாரும் திரும்பக் கூட்டிப் பார்ப்பதில்லை.

பரிசீலனைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வேந்தன் பாயில் படுத்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் சிவப்பானது.

அவனைப் பார்த்தேன். மூச்சு சீராகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணிமைகூட அசையவில்லை. கெட்ட கனவோ என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி தூங்குகிறவனின் நாடி. அவன் எப்போதும் போடுகிற அந்தக் கோடுபோட்ட முழுக்கைச் சட்டையின் கையை மெதுவாகச் சுருட்டினேன்.

பட்டை இல்லை. அது இருந்த இடத்தில் வெளிறிய ஒரு வளையம், அதன் ஓரம் முழுக்கப் புண்.

சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேகமாகக்கூட இல்லை, எப்போதும் போலத்தான். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டித் தட்டைக் கவிழ்த்தபோது, நைட்டியின் கைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எட்டிப் பார்த்தது.

"அம்மா."

திரும்பிப் பார்த்தாள். என் கண் போன இடத்தைப் பார்த்தாள். ஈரக் கையால் நைட்டியின் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவனுக்குத் தோலு வெந்துபோச்சுடி. பிய்ச்சுப் பிய்ச்சு எடுக்கறான். கழட்டி வெச்சா பட்டை இல்லன்னு போன் கத்தும். உன்னை ஆபீசுல கேள்வி கேப்பாங்க, செவ்வாக்கெழமை வேற வருது. அதான் புண்ணு ஆறுற வரைக்கும் நான் போட்டுக்கிட்டேன்."

"எப்போலேருந்து?"

"டெய்சி வந்து கத்திட்டுப் போனாளே, அதுக்கு மறுநாள்லேருந்து."

என் வெற்றிகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. ஃபர்சானாவின் கட்டைவிரலும் வந்தது.

"அப்போ இவ்ளோ சிவப்பு வந்துச்சே, அப்போல்லாம் நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"என்ன பண்ணுவாங்க? பாத்திரம், துணி. அவனுக்கு ஊட்டறது, கால் கழுவி விடறது. போன் கத்தும், அணைச்சுட்டு வேலையப் பாப்பேன். மிஷின் ரிப்பேருன்னு நெனச்சேன்."

"ரிப்பேர் இல்லம்மா. உள்ள என்னவா இருந்துச்சு உனக்கு? பயமா? கோவமா?"

அம்மா தேய்த்துக்கொண்டிருந்த கரண்டியைப் பார்த்தாள். நான் கேட்டது அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"ஒண்ணும் இல்லையே. எப்பவும் இருக்கறதுதான்" என்றாள்.

நான் குளிர்ந்த தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பட்டையின் கணக்குப்படி, இந்தப் பெண் இந்த வாரம் முழுக்க, ஒரு நாளைக்குப் பலமுறை, யாரையாவது அடிக்க வேண்டியவள். அவள் யாரையும் அடிக்கவில்லை. பாத்திரம் தேய்த்தாள். எண்பது கிலோ ஆம்பிளைக்குச் சோறு ஊட்டினாள். அவளுக்குச் சிவப்பு வரும் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

"வேந்தன்? பட்டை இல்லாம அவன் எப்டி இருந்தான்?"

"அவனா? நல்லாத்தான் இருந்தான். ஒருநாள் மேல்வீட்டுல ட்ரில்லிங் போட்டாங்க, அப்போ என் முடியப் புடிச்சான். ரெண்டு கையாலயும் அவன் காதைப் பொத்திவிட்டேன், விட்டுட்டான்." பிறகு, கொஞ்சம் ஆச்சரியமாக, "ஜன்னல் தொறந்திருந்தா அவன் அவ்ளோ ஒண்ணும் பண்ணலடி. நீ சொன்னது சரிதான் போல" என்றாள்.

நான் சொன்னது சரிதான். ஆனால் அதற்கு என்னிடம் இருந்த சாட்சி முழுக்கப் பொய். புள்ளியியலில் இதற்கு ஒரே தீர்ப்புதான்: சோதனை செல்லாது. செல்லாது என்றால் பழைய கணக்கு நிற்கும். பழைய கணக்கு நின்றால் செவ்வாய்க்கிழமை குப்பி.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக் கூட்ட அறையில் டாக்டர் வசுமதி திரையில் வந்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வேந்தனின் கோடுகளைப் பார்த்தார். வேந்தனின் பெயர் போட்ட, என் அம்மாவின் கோடுகள்.

"விசித்திரமா இருக்கே. கொந்தளிப்பு முன்னைவிட அதிகம். ஆனா ஒரு தாக்குதல்கூட இல்ல. எவ்வளவு கட்டுப்பாடு பாருங்க! எப்படிம்மா இது?"

உண்மையைச் சொல்லும் வாய்ப்பு அங்கே ஒரு முழு நிமிடம் காத்திருந்தது. அதற்குள் நான் நினைத்தது ஜோயலை. அவன் வீட்டுப் போனில் பின்னால் கேட்காத பாட்டை.

"பழக்கம் மேடம்" என்றேன்.

"குப்பி தேவையில்ல. பட்டை மட்டும் தொடரட்டும்" என்று சொல்லி அவர் அடுத்த பையனுக்குப் போய்விட்டார்.

வெளியே வரும்போது ஆதர்ஷ் லிஃப்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினான். "ரெண்டு நாளா விடியறதுக்கு முன்னாடியே சிவப்பு வருது. உன் தம்பி அவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பானா?"

"எழுந்திருப்பான்."

"எழுந்து?"

"வாசல் தெளிப்பான்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "புண்ணுக்கு மருந்து போடச் சொல்லு. பட்டை போட்டவங்க எல்லாருக்கும் அது வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனான். யாருடைய புண்ணுக்கு என்று அவன் சொல்லவில்லை.

இப்போது பட்டை அம்மாவிடம்தான். அதற்கு ஒரு உடம்பு வேண்டும், அவ்வளவுதான். வேந்தன் ஜன்னலில் இருக்கிறான். இன்னும் கத்துகிறான். போன வாரம் என் கழுத்தில் கீறினான், ஆழமாகவே. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அலுவலகத்தில் மத்தியானம் போன் சிவப்பானது. ஃபர்சானா எங்கள் வீட்டு எண்ணைத் திரையில் பார்த்தாள். பிறகு தன் ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள். "இன்னிக்கு நீயே கேளு. எனக்குத் தலை வலிக்குது." அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"வணக்கம், சாந்தம் உதவி மையத்துலேருந்து பேசறேன்."

"நீயாடி?"

"நடந்ததா, நடக்கலையா?"

"நடக்கல" என்றாள் அம்மா. பின்னால் கரண்டி கம்பியில் தட்டுகிற சத்தம். "வெச்சிடவா?"

என் விரல் இரண்டாவது பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"எதுக்கு?"

"சிவப்பு வந்துச்சே. உனக்கு என்ன ஆச்சு?"

அவள் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் இல்ல. நீ வேலையப் பாரு."

"வேலையத்தான் பாக்கறேன். சொல்லு."

பிறகு அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது. "எங்கேருந்துடி சொல்றது" என்றாள். ஆனால் ஆரம்பித்துவிட்டாள்.

ஆதர்ஷ் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.